பாதிப்பேர் என்னும் எழுவாய்: எலும்பு மஜ்ஜை நோயில் வாழ்நாள் கணிப்பும் தமிழும்



மொழி பற்றிய பொழிவு வரிசையில் குருதி நோய் ஒன்றைத் தலைப்பாகக் கொண்டது ஏன் என்று அழைப்பிதழைக் கண்ட நண்பர் சிலர் வினவினர். மருத்துவம் நம் துறையன்று. மருத்துவர்கள் எழுதி வெளியிட்டவற்றைப் படித்தே பேசுகிறோம். ஆயினும், இந்நோயில் ஒருவர் எத்துணைக் காலம் வாழக்கூடும் என்னும் செய்தி, மருத்துவரின் அறையிலிருந்து புறப்பட்டு நோயாளியின் செவியை அடையும் வரை ஒரு வாக்கியமாகவே பயணம் செய்கிறது. வாக்கியம் நம் துறை.

அத்தகைய வாக்கியம் ஒன்று ஒரு குடும்பத்தில் பட்ட பாட்டை முதலில் காண்போம். நமக்கு நெடுநாள் பழக்கமான குடும்பம். 67 வயதுப் பெரியவர் ஒருவருக்கு மைலோஃபைப்ரோசிஸ் என்னும் நோய் இருப்பது தெரியவந்தது. சிங்கப்பூரின் ஆட்சிமொழிகள் நான்கனுள் தமிழும் ஒன்று. எனினும் மருத்துவரின் அறையில் பேச்சு பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் நிகழ்கிறது. மருத்துவர் நிதானமாகவே சொன்னார்: இவரை ஒத்த நிலையில் இருந்த நோயாளிகளுள் பாதிப்பேர் நான்காண்டளவில் இறந்துள்ளனர், மற்றப் பாதிப்பேர் அதனைக் கடந்து வாழ்ந்துள்ளனர், சிலர் நெடுங்காலம் வாழ்ந்துள்ளனர். உடன் சென்ற பேத்தி தொடக்கக் கல்லூரி மாணவி. அவள் தாத்தாவிடம், "டாக்டர் நாலு வருஷம்னு சொல்றாங்க தாத்தா" என்றாள். அன்று மாலை மகன் தம் தங்கையிடம் தொலைபேசியில், "அப்பாவுக்கு நாலு வருஷம்தானாம்" என்றார். பக்கத்து அறையில் இருந்த பெரியவர் அதனைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மூன்று வாய்களைக் கடப்பதற்குள் அவ்வாக்கியத்துக்கு நேர்ந்ததை இலக்கணக் கண்கொண்டு பாருங்கள். மருத்துவரின் வாக்கியத்தில் 'பாதிப்பேர்' எழுவாய். பேத்தியின் வாக்கியத்தில் எழுவாயே இல்லை. தமிழ் எழுவாயை விட்டுப் பேச இடங்கொடுக்கும் மொழி; பொதுவாக அது நமக்கு வசதி; இங்கே அது கேடாய் முடிந்தது. மகனின் வாக்கியத்தில் அவ்வெற்றிடத்தில் 'அப்பாவுக்கு' என்னும் நான்காம் வேற்றுமை வந்து அமர்ந்தது. "அவனுக்கு நாலு வருஷம்" என்று நாம் எப்போது சொல்வோம்? நீதிமன்றத்தில் சிறைத்தண்டனை பெற்றவனைப் பற்றிச் சொல்வோம். பின்னர்த் 'தான்' வந்து கதவை அடைத்தது. இறுதியில் 'ஆம்' வந்தது. சொன்னவர் யார், எதனைக் கொண்டு சொன்னார் என்று திருப்பிக் கேட்க இயலாதவாறு சொன்னவரையே மறைத்துவிடும் இடைச்சொல் அது. ஒரு தொகுதியைப் பற்றிய செய்தி ஒரே மாலைப் பொழுதில் ஒருவர்மீது விதித்த தீர்ப்பாயிற்று.

பெரியவர் ஐந்தாம் ஆண்டிலும் இருந்தார். பார்க்கச் சென்றவர்களிடம், தவணை தாண்டிய கடன்காரரைப் போல, "இன்னும் இருக்கேனே" என்று கூச்சத்தோடு சொல்வார். அக்கூச்சத்தை அவருக்குத் தந்தது நோயன்று.

நோயைப் பற்றிச் சில சொற்கள். மஜ்ஜை என்பது நமக்கு அறியாத பொருளன்று. இறைச்சிக் கடையில் நல்லி எலும்பு கேட்டு வாங்குவோர் அதற்காகவே வாங்குகின்றனர். சித்த மருத்துவ நூல்கள் உடலின் ஏழு தாதுக்களைச் சொல்லும்போது என்புக்கு அடுத்து வைக்கும் 'மூளை' என்பதும் இதுவே; தலைக்குள் இருப்பது மட்டுமே மூளை என்று நாம் பொருளைக் குறுக்கிக்கொண்டோம். குருதியணுக்கள் விளையும் நிலம் இம்மஜ்ஜை. மைலோஃபைப்ரோசிஸ் நோயில் அணுக்களைப் பிறப்பிக்கும் மூல உயிரணுவில் மாற்றம் நேர்ந்து, மஜ்ஜையில் நார்கள் படிந்து இறுகுகின்றன. விளைநிலம் இறுகவே குருதி ஆக்கம் மண்ணீரலுக்கு இடம்பெயர, மண்ணீரல் வீங்குகிறது. சோகை, களைப்பு, இரவு வியர்வை, மெலிவு ஆகியன தொடர்கின்றன. சிலருக்கு இது கடும் குருதிப் புற்றுநோயாகவும் மாறுகிறது. 1951-இல் வில்லியம் டாமெஷெக் என்னும் அமெரிக்க மருத்துவர் இதனையும் இதனோடு உறவுடைய நோய்களையும் ஒரே குடும்பமாகத் தொகுத்துக் காட்டினார். 2005-இல் ஜே.ஏ.கே.2 என்னும் மரபணுவின் மாற்றமும், 2013-இல் சி.ஏ.எல்.ஆர். என்னும் மரபணுவின் மாற்றமும் இந்நோயாளர் பலரிடம் கண்டறியப்பட்டன.

இந்நோய் எல்லாரிடமும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை. ஒருவர் பல்லாண்டு வாழ்கிறார். மற்றொருவர் ஈராண்டுக்குள் இறக்கிறார். ஆகவேதான் கணிப்பு வேண்டியதாயிற்று. அதுவும் வெறும் ஆவலுக்காக அன்று. இந்நோயை முற்றிலும் நீக்க வல்ல மருத்துவம் பிறரிடமிருந்து பெறும் மூல உயிரணு மாற்று ஒன்றே. அம்மாற்றோ தானே உயிரைப் பறிக்கக்கூடியது. நோய் மெல்ல நடக்கும் ஒருவரை அந்த இடருக்கு உட்படுத்துவது தகாது. விரைந்து நடக்கும் ஒருவரிடம் தயங்குவதும் தகாது. எவர் எப்பிரிவினர் என்று அறிந்தாக வேண்டும்.

2009-இல் ஏழு மருத்துவ நடுவங்களைச் சேர்ந்த 1,054 நோயாளிகளின் தரவிலிருந்து அனைத்துலக முன்கணிப்பு அளவை ஒன்று உருவாக்கப்பட்டது. அது கேட்கும் கேள்விகள் ஐந்து. வயது 65-ஐக் கடந்ததா? குருதியில் ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 10 கிராமுக்குக் குறைவா? வெள்ளணுக்கள் மைக்ரோலிட்டருக்கு 25,000-க்கு மேலா? முதிராத மூல அணுக்கள் குருதியோட்டத்தில் நூற்றுக்கு ஒன்றோ அதற்கு மேலோ உள்ளனவா? காய்ச்சல், வியர்வை, எடைக்குறைவு உள்ளனவா? ஒவ்வோர் 'ஆம்'-க்கும் ஒரு புள்ளி. புள்ளியே இல்லாதவர் குறைந்த இடர்ப்பிரிவினர். ஒரு புள்ளி பெற்றவர் இடைநிலை ஒன்று. இரண்டு பெற்றவர் இடைநிலை இரண்டு. மூன்றும் அதற்கு மேலும் பெற்றவர் உயர் இடர்ப்பிரிவினர். இப்பிரிவினருள் பாதிப்பேர் வாழ்ந்து கடந்த காலம் முறையே 135, 95, 48, 27 மாதங்கள்.

அடுத்த ஆண்டே இயங்குநிலை அளவை என்று இன்னொன்று வந்தது. முதலாவது அளவை நோய் கண்டறிந்த நாளில் மட்டும் பயன்படுவது. இரண்டாவது, நோயின் போக்கில் எந்நாளிலும் பயன்படுவது. கேள்விகள் அவையே, சோகைக்கு மட்டும் இரண்டு புள்ளிகள். 2011-இல் மேயோ மருத்துவமனையின் 793 நோயாளிகளைக் கொண்டு மூன்றாவது அளவை வந்தது. அது தட்டணுக்களின் குறைவு, குருதி ஏற்ற வேண்டிய தேவை, குரோமோசோம் மாற்றங்கள் ஆகியவற்றையும் சேர்த்துக்கொண்டது.

இப்போது ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். வயது 64. சோகை மட்டும் உண்டு, ஹீமோகுளோபின் 9.5, வேறு கேடான குறி எதுவுமில்லை. முதல் அளவையில் அவருக்கு ஒரு புள்ளி. அவர் பிரிவின் எண் 95 மாதம். இரண்டாவதில் இரண்டு புள்ளிகள்; அவர் பிரிவின் எண் 14.2 ஆண்டு, அதாவது ஏறத்தாழ 170 மாதம். மூன்றாவதில் 78 மாதம். உடல் ஒன்று, நாள் ஒன்று, குருதி ஒன்று, எண்கள் மூன்று. அவர் 65-ஐக் கடந்துவிட்டார் என்று கொள்வோம். உடலில் வேறு மாற்றம் எதுவும் இல்லாவிடினும் இரண்டாவது அளவையில் மூன்று புள்ளிகள் பெறுகிறார், 14.2 ஆண்டுப் பிரிவிலிருந்து 4 ஆண்டுப் பிரிவுக்கு வந்துவிடுகிறார். ஒரு பிறந்தநாள் பத்தாண்டுகளைத் தின்றுவிட்டதா? இல்லை. அவர் தம்மோடு ஒப்பிடப்படும் கூட்டம் மாறியது, அவ்வளவே.

இதனால் அளவைகள் பொய் என்று எவரும் கொள்ள வேண்டா. கூட்டங்களை வேறுபடுத்துவதற்கு அவை நன்கு உதவுகின்றன. மருத்துவர்கள் அவற்றை நாள்தோறும் பயன்படுத்துகின்றனர். எண் எதற்கு உரியது என்பதே நம் வினா. சாதகம் ஒருவருடைய பிறந்த நேரத்தைக் கொண்டு அவருக்கே கணிக்கப்படுவது. முன்கணிப்பு அளவையோ, முன்னர் வாழ்ந்த பிறரைக் கொண்டு கணிக்கப்படுவது. தமிழில் 'கணி' என்ற சொல்லே சோதிடனைக் குறித்த சொல். ஆகவே 'கணிப்பு' என்று கேட்டவுடன், தம் பெயரில் ஓலை ஒன்று எழுதப்பட்டதாகவே தமிழர் செவி கொள்கிறது. வேறு சொல் ஆக்கலாம் என்பாரும் உளர். நாம் அதனை வற்புறுத்தவில்லை. வேரூன்றிய சொல்லைப் பிடுங்குவதைக் காட்டிலும் வாக்கியத்தைத் திருத்துவது எளிது.

ஆயினும் கலைச்சொற்கள் மூன்றைப் பற்றிப் பேசாமல் செல்ல இயலவில்லை.

ஒரு வரிசையின் நடுவில் நிற்கும் எண்ணைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'இடைநிலை அளவு' என்கின்றன. இலங்கையில் 'இடையம்' என்கின்றனர். மேலே நாம் சொன்ன இடர்ப்பிரிவுகளுள் நடுவில் உள்ளவற்றுக்கும் 'இடைநிலை' என்றே பெயர். எனவே 'இடைநிலை இடர்ப்பிரிவின் இடைநிலை வாழ்நாள்' என்று ஒரு தொடர் பிறக்கிறது. படிப்பவர் எதனை எதனோடு பொருத்துவார்? இலங்கை வழக்கு இங்கே தெளிவானது. அதனை நாமும் எடுத்துக்கொள்ளலாம். நோயாளியிடம் பேசும்போது அதுவும் வேண்டா. 'பாதிப்பேர் கடந்த காலம்' என்றால் பாட்டிக்கும் விளங்கும்.

இரண்டாவது, 'எட்டப்படவில்லை' என்பது. இயங்குநிலை அளவையில் குறைந்த இடர்ப்பிரிவினருக்கு ஆண்டுக் கணக்கே தரப்படவில்லை; இடையம் எட்டப்படவில்லை என்றே குறித்துள்ளனர். தமிழில் எட்டாதது என்றால் தோல்வி. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்போம். ஆய்வு முடிந்த நாளில் அப்பிரிவினருள் பாதிக்கு மேற்பட்டோர் உயிரோடு இருந்தனர் என்பதே அக்குறிப்பின் பொருள். பட்டியலிலேயே மிக நல்ல செய்தி அது. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் அச்செய்தி அழுமுகத்தோடு வந்து நிற்கும்.

மூன்றாவது இன்னும் வியப்பானது. 1958-இல் எட்வர்ட் கப்லன், பால் மையர் என்னும் இருவர், வாழ்காலத்தைக் கணக்கிடும் முறையொன்றை வெளியிட்டனர். ஆய்வு முடியும் நாளில் சிலர் உயிரோடிருப்பர். சிலர் ஊர் மாறித் தொடர்பற்றுப் போயிருப்பர். அவர்களுடைய முழு வாழ்நாள் தெரியாது என்பதற்காக அவர்களைத் தள்ளிவிட்டால் கணக்கு இறந்தோர் பக்கம் சாயும். ஆகவே, உயிரோடிருந்தமை தெரிந்த நாள் வரை அவர்களைக் கணக்கில் வைத்துக்கொள்வதற்கு அவர்கள் வழி கண்டனர். இவ்வாறு நிற்பவர்களைக் குறிக்க ஆங்கிலத்தில் வழங்கும் சொல், திரைப்படத் தணிக்கைக்கு வழங்கும் அதே சொல். 'தணிக்கை செய்யப்பட்ட நோயாளிகள்' என்று பெயர்த்தால் வெட்டி நீக்கப்பட்டோர் என்றே பொருள்படும். உண்மையில் அவர்களுள் பலர் உயிரோடு இருப்பவர். 'கணக்கு முடியாதோர்' என்று சொல்லிப் பாருங்கள். வரைபடத்தில் கோட்டின்மேல் சிறு குறுக்குக் கீறல்களாகத் தெரிகின்றார்களே, அவர்கள்தாம்.

வாழ்தலைக் குறிக்கும் 'பிழைத்தல்' என்னும் சொல்லைப் பற்றியும் ஒன்று. பிழை என்றால் தவறு. பிழைத்தல் என்றால் உயிர் தப்புதல். இரண்டும் ஒரே சொல்லே. எய்த அம்பு இலக்கைத் தவறினால், அம்பின் பக்கம் அது பிழை. இலக்கின் பக்கம் அது பிழைப்பு. இதனை வகுப்பில் சொன்னால் மாணவர் மறப்பதில்லை.

இனிக் காலத்துக்கு வருவோம். நம் பொழிவின் மையம் இதுவே.

தமிழின் எதிர்காலம் இரு வேலைகளைச் செய்கிறது. 'நாளை வருவார்' என்று இனி நிகழ்வதைச் சொல்கிறது. 'ஞாயிறு கிழக்கே தோன்றும்' என்று என்றும் உள்ள இயல்பையும் சொல்கிறது. 'இந்நோயாளர் நான்காண்டு வாழ்வர்' என்று எழுதினால் எந்தப் பொருள் முன்வரும்? இயல்பைச் சொல்வதாகவே கேட்பவர் கொள்வர்: ஞாயிறு கிழக்கே தோன்றும், நீர் பள்ளம் நோக்கிப் பாயும், இந்நோயாளர் நான்காண்டு வாழ்வர். ஒரு கூட்டத்தின் புள்ளிவிவரம் இயற்கை விதியின் உடையை உடுத்திக்கொள்கிறது.

அதற்கு அப்பாலும் ஒரு வழுக்கல் உண்டு. தொல்காப்பியர் காலந்தொட்டு நம் இலக்கணத்தார் கால மயக்கத்தை ஆராய்ந்துள்ளனர். விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என்னும் காரணங்களால் ஒரு காலம் மற்றொரு காலமாகச் சொல்லப்படுவதுண்டு என்று நன்னூல் வகுத்துரைக்கிறது. வீட்டில் இருந்துகொண்டே "வந்துவிட்டேன்" என்று தொலைபேசியில் சொல்கிறோமே, அது விரைவு. எறும்புகள் முட்டையைச் சுமந்து மேட்டில் ஏறக் கண்டவன், பெய்யாத மழையைப் பெய்ததாகச் சொன்னால் அது தெளிவு. நிகழப்போவது உறுதி என்று துணிந்தால் எதிர்காலத்தை இறந்தகாலமாக்கிவிடுவது தமிழ் மரபு. மருத்துவமனை நடைவழியில் உறவினர் பேசுவதைக் கேளுங்கள். "அவ்வளவுதான், முடிஞ்சுபோச்சு." உயிரோடு படுத்திருப்பவரைப் பற்றிய பேச்சு இது. தெளிவு என்னும் வாயிலின் வழியாக அவ்விறந்தகாலம் உள்ளே வருகிறது. ஆனால் அங்கே தெளிவுக்கு இடமேது? இருப்பது பாதிக்குப் பாதி. பாதிக்குப் பாதியை வைத்துக்கொண்டு தெளிவின் இலக்கணத்தில் பேசுவது வழு, வழுவமைதி அன்று.

இறந்தகாலத்துக்கு உரிய இடம் வேறு உண்டு. 1,054 பேர் வாழ்ந்தனர், அவர்கள் வாழ்ந்ததை எண்ணினர், எண்ணியதை எழுதினர். அளவை தருவதெல்லாம் நடந்து முடிந்த ஒன்றைப் பற்றிய அறிக்கை. ஆகவே, 'இவரை ஒத்தவர்களுள் பாதிப்பேர் நான்காண்டுகளைக் கடந்து வாழ்ந்தனர்' என்பதே அதன் உண்மையான வாக்கியம். எழுவாய் 'பாதிப்பேர்', வினைமுற்று இறந்தகாலம். எதிர்காலம் வேண்டுமாயின் அதனைத் தனி வாக்கியமாக்கி, 'கூடும்' என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். 'வாழ்வார்' வேறு, 'வாழக்கூடும்' வேறு. நம் மொழியில் அவ்வேறுபாடு ஒரு துணைவினையில் தொங்குகிறது. மொழிபெயர்ப்பவர் அவசரத்தில் முதலில் கைவிடுவதும் அதனையே.

இறந்தகாலத்தில் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சென்ற தலைமுறையின் மருத்துவத்தில் வாழ்ந்தோரைக் கொண்டு அடுத்த தலைமுறையைச் சொல்லும்போது, இடையில் வந்த மருந்து கணக்கில் இராது. மற்றொரு மஜ்ஜை நோயான நாட்பட்ட மைலாய்டு குருதிப் புற்றில் இது கண்கூடாக நிகழ்ந்தது. 1984-இல் சோகால் என்பவரின் பெயரால் அந்நோய்க்கு ஓர் அளவை வந்தது. வயது, மண்ணீரலின் அளவு, தட்டணுக்கள், மூல அணுக்கள் ஆகிய நான்கைக் கொண்டு அது பிரிவுகளை வகுத்தது. 2001-இல் இமாட்டினிப் என்னும் மாத்திரைக்கு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. அதன்பின் சில ஆண்டுக் கணக்கில் பேசப்பட்ட நோயில் பெரும்பாலோர் ஏறத்தாழ இயல்பான வாழ்நாளை எட்டலாயினர். பழைய எண்கள் அன்று பொய்யல்ல. அன்றைய மனிதருக்கு அவை உண்மை. மைலோஃபைப்ரோசிஸ் நோய்க்கு அத்தகைய மாத்திரை வரவில்லை. 2011-இல் ஒப்புதல் பெற்ற ருக்சோலிட்டினிப் வீங்கிய மண்ணீரலைச் சுருக்கித் துன்பத்தைத் தணிக்கிறது, நோயை வேரறுப்பதில்லை. ஆயினும், முதல் அளவையின் தரவு அம்மருந்து பொது வழக்குக்கு வருமுன் திரட்டப்பட்டது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

பாதிக்கு அப்பால் உள்ளவர்களைப் பற்றியும் ஒரு செய்தி. ஸ்டீவன் ஜே கூல்ட் என்னும் அமெரிக்கப் படிமலர்ச்சி அறிஞருக்கு 1982-இல் வயிற்றுறையில் அரிய புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. மஜ்ஜை நோயன்று; ஆனால் சிக்கல் இதுவே. அந்நோயின் இடையம் எட்டு மாதம் என்று நூலகத்தில் படித்தார். எட்டு மாதத்துக்கு இப்பால் இறந்தவர்கள் சுழிக்கும் எட்டுக்கும் இடையே நெருக்கியடித்து நிற்க, அப்பால் வாழ்ந்தவர்களின் வரிசை நீண்ட வால்போல் வலப்பக்கம் செல்வதை அவர் கண்டார். 1985-இல் அதனைக் கட்டுரையாக எழுதினார். அவர் மறைந்தது 2002-இல், வேறொரு புற்றுநோயால். எல்லாரும் அவ்வாறே வாழ்வர் என்பதற்காக இதனைச் சொல்லவில்லை. வாலின் நுனியில் நிற்பவர் சிலரே. ஆனால் 'பாதி' என்னும் சொல்லை விழுங்கிவிட்டால் அந்த வாலே வெட்டுப்பட்டுப் போகும்.

நோயாளியிடம் எண்ணையே சொல்லாமல் மறைத்துவிடுவது அன்பு என்று கருதும் குடும்பங்கள் நம்மிடையே மிகுதி. நாம் அதற்கு உடன்படவில்லை. உயிரணு மாற்றுக்கு உட்படுவதா, விடுவதா என்று முடிவு செய்ய வேண்டியவர் அவர். அம்முடிவுக்கு உரிய செய்தி அவரை அடைய வேண்டும். கேட்க விரும்பாதவரிடம் திணிப்பதும் ஆகாது. "தெரிஞ்சுக்க விரும்புறீங்களா தாத்தா?" என்று முதலில் கேட்டுவிடலாம், மருத்துவரிடமும், "இது எத்தனை பேரைப் பார்த்துச் சொன்னது, எந்த ஆண்டுக் கணக்கு?" என்று கேட்கலாம். மருத்துவர் சினந்துகொள்ள மாட்டார்.

ஆசிரியர்கள் இதனை உயர்நிலை வகுப்பில் மொழிபெயர்ப்புப் பயிற்சியாகவே தரலாம். செய்தித்தாளில் வரும் நோய்ப் புள்ளிவிவரம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் எழுவாயைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பிறகு 'பாதிப்பேர்', 'சிலர்', 'பெரும்பாலோர்' என்பவற்றுள் எது பொருந்தும் என்று கேளுங்கள். பிறகு அதனையே வீட்டுப் பேச்சில் சொல்லச் சொல்லுங்கள். இலக்கிய நடையில் சரியாக எழுதிய மாணவர் பேச்சு வழக்கில் தடுமாறுவதைக் காண்பீர்கள். மருத்துவமனையில் வேண்டியிருப்பது பேச்சுவழக்குதான். நாம் ஒரு முறை முயன்ற வடிவம் இது: "உங்கள மாதிரி இருந்தவங்கள்ல பாதிப் பேர் நாலு வருஷத்துக்கு மேலயும் இருந்திருக்காங்க தாத்தா. பாதிப் பேர் அதுக்குள்ள போயிட்டாங்க. நீங்க எந்தப் பக்கம்னு டாக்டருக்கும் தெரியாது. அடிக்கடி வந்து ரத்தம் பாக்கணும்னு சொல்றாங்க." நான்கு வாக்கியங்கள். இவற்றைச் செப்பனிடலாம், 'போயிட்டாங்க' என்பதற்கு மாற்றுச் சொல் உங்களுள் எவரிடமேனும் இருக்கக்கூடும்.

அதிலிருந்தே வினா நேரத்தைத் தொடங்குவோம்.